கூடையில் ஏது வைக்கோல்?

பிள்ளைப்பாக்கம்
2-8-91

அன்புத் தம்பி ராஜாமணிக்கு அக்கா கிளியம்மாள் எழுதுவது. நானும் உன் மாமாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் ஜோதியும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. எங்காவது புள்ளி விட்டுப்போனால் நீயே வைத்துக்கொள்.

ஆடிச் சீர் வந்தது. கொத்தவால்சாவடிக்குப் போகிற காய் லாரிக்காரன் எப்போதும்போல சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுப் பக்கம் இறக்கி வைத்தான். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்துப் பொம்பளை மூக்கை நீட்டி, "இன்னாம்மா, தாய் வூட்டு சீரா?" என்றாள். "தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. தம்பி ஒருத்தன் கீறான். கொடைக்கானல் மலைக்கு ரோடு போடப் போனவன், அங்கியே ஒருத்திய கட்டிகினு வூட்டோட மாப்பிள்ளையா குந்திகினு கீறான்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. கோபித்துக்கொள்ளாதே.

கூடையை அவிழ்த்தால் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வருஷா வருஷம் பேரிக்காய் ஒவ்வொன்றையும் பெரணி இலையில் சுற்றி அனுப்புவாய். அந்தப் பச்சை வாசத்திலேயே உன் தோட்டத்துக்குள் ஒரு நடை போய் வருவேன். இந்தத் தரம் வைக்கோல்! "இன்னாடி கிளி, தம்பி வூட்டுக் கூடையில வைக்கோல் கீது?" என்று மாமா கேட்டார். அவர் கையில் எடுத்துப் பார்த்தார், நானும் பார்த்தேன். நெல்லு வைக்கோல். மலையில் எப்போதிருந்து நெல் நடுகிறீர்கள்? நாற்று பிடுங்க நான் வரட்டுமா?

பழம் ருசிதான். மாமாவுக்கு வேலை அதிகம், பகலில் வீட்டில் தங்குவதில்லை. மேட்டு நிலத்தில் இந்த வருஷம் கடலை போடவில்லை. மற்றபடி விசேஷம் இல்லை.

ஜோதி தலையில் ஒரு குட்டு வைத்ததாகச் சொல்.

உன் அக்கா,
கிளியம்மாள்


பெருமாள்மலை
23-8-91

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இவ்விடம் இருவரும் சுகம். மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பெரணி பறிக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் வைக்கோல். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம். இங்கே எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். தோட்ட வேலை எல்லாம் தெரிந்தவன். கொஞ்சம் சிரமத்தில் இருக்கிறான். உங்கள் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனிகள் வருகிறதாமே. வாட்ச்மேன் வேலையானாலும் செய்வான். விசாரித்து எழுதவும்.

மேட்டு நிலத்தில் ஏன் கடலை போடவில்லை? நம் அப்பா ஒரு வருஷம்கூட அதைச் சும்மா விட்டதில்லையே.

இப்படிக்கு
ராஜாமணி


பிள்ளைப்பாக்கம்
5-9-91

அன்புத் தம்பிக்கு அக்கா. சுகம் கேட்டிருந்தாய். மாமாவின் மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் வாயும் அப்படியே.

உன் சிநேகிதனைப் பற்றி எழுதினாயே, அவனுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு மரு உண்டா? சின்ன வயசில் பம்புசெட்டு மேலிருந்து குதிக்கிறேன் என்று முன்பல்லை உடைத்துக்கொண்டவனா? சோற்றில் ரசம் ஊற்றினால் முகம் சுளிப்பானா? அடையாளம் சரியாகத் தெரிந்தால்தான் விசாரிக்க முடியும். சும்மா கேட்டேன்.

இங்கே புரட்டாசி வரப்போகிறது, வெயில் மட்டும் இன்னும் சித்திரையிலேயே நிற்கிறது. ஏரியில் மாடு நிற்கிற அளவுக்குத்தான் தண்ணீர். காலையில் மேகம் கட்டுகிறது. சாயங்காலம் கலைந்துவிடுகிறது, பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவர்கள் மாதிரி.

உன் பேரி மரங்கள் எப்படி இருக்கின்றன? மாசியில் பூ நிறைய வந்ததா? அதைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன் என்கிறாயே.

கடிதம் போடு. ஜோதியையும் ஒரு வரி எழுதச் சொல். அவள் எழுத்து உன்னுடையதைவிடக் குண்டாக, பார்க்க அழகாக இருக்கும்.

அக்கா
கிளியம்மாள்


பெருமாள்மலை
9-10-91

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். சிநேகிதன் என்று எழுதியது என்னைத்தான். உனக்குத் தெரிந்துவிட்டது. வேலை விசாரித்தாயா? தீபாவளி முடிந்ததும் கிளம்பி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். ஜோதி பிறகு வருவாள். மாமாவிடம் சொல்லவும்.

ராஜாமணி


பெருமாள்மலை
14-10-91

அன்புள்ள அண்ணிக்கு ஜோதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தம்பி டவுனுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் தபால் பெட்டியில் போட வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அண்ணி, எங்கள் தோட்டத்தில் இந்த வருஷம் பேரிக்காய் இல்லை. உங்களுக்கு வந்தது வத்தலக்குண்டு சந்தையில் வாங்கியது. "அக்காவுக்குச் சீர் போகாம இருக்கக் கூடாது" என்று விடிகாலை பஸ்ஸில் கீழே இறங்கினார். கடைக்காரன் வைத்துக் கட்டிய வைக்கோலைப் பிரிக்கத் தோன்றவில்லை அவருக்கு. நான் பெரணி பறித்து வைத்திருந்தேன். "பொய்க்குப் பெரணி சுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

போன வருஷமும் பாதிதான் பூத்தது. இந்த வருஷம் அங்கொன்றும் இங்கொன்றும். தை மாதம் மொட்டையாக நிற்க வேண்டிய மரம் பழைய இலையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றது. தோட்டக்கலை ஆபீசரைக் கூட்டி வந்து காட்டினோம். மருந்து எழுதித் தருவார் என்று நினைத்தோம். அவர் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நோவு இல்லம்மா, தூக்கம் பத்தல" என்றார். பேரிக்குக் குளிர்காலத்தில் நன்றாகத் தூங்க வேண்டுமாம். குளிர் போதாவிட்டால் தூக்கமும் வராது, விழிப்பும் வராதாம்.

அவர் ஆபீசில் நம் நாட்டுப் படம் மாட்டியிருக்கிறது. எங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று பார்த்துக் கட்டம் பிரித்து வண்ணம் அடித்த படம். அதன் மேல் பென்சிலால் கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு வைத்திருக்கிறார். சூட்டுக் கட்டம் மலை ஏறுகிறதாம். உங்கள் பக்கம் வறண்ட கட்டம் கடற்கரைப் பக்கம் நகர்கிறதாம். இன்னும் ரொம்பப் பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார்.

நான் ஒத்துக்கொள்கிறேன் அண்ணி. நாங்கள் இந்த வருஷம் கொசுவலை வாங்கினோம். மேசை ஃபேன் வாங்கினோம். இன்னொன்று. நீங்கள் ஒரு தரம் மாம்பழம் கொண்டு வந்து, தின்ற கொட்டையைக் கொல்லையில் வீசி, "மலைக்காரிக்கு மாமரம் வெச்சுக் குடுத்துட்டேன்" என்று கேலி பண்ணினீர்களே. அது முளைத்து, வருஷா வருஷம் மார்கழிப் பனியில் கருகி, முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் கிடந்தது. இரண்டு வருஷமாகக் கருகவில்லை. இப்போது கூரையைத் தொடுகிறது. அவர் அதைப் பார்ப்பதே இல்லை.

பெருமாள் முடிக்கு ஏறுகிற வழியில் எங்கள் அப்பா உருளைக்கிழங்கு போட்ட மேல்காடு சும்மா கிடக்கிறது. அங்கே பல்லை உடைக்கிற காய் காய்க்கிற காட்டுப் பேரி மரங்கள் நிற்கின்றன. அங்கே குளிர் இன்னும் இருக்கிறது, நம் மரத்துக் குச்சியை வெட்டி அவற்றில் ஒட்டுக் கட்டுங்கள், மூன்றாம் வருஷம் பூக்கும் என்கிறார் ஆபீசர். இவர் கேட்கமாட்டேன் என்கிறார். கீழே வந்தால் நீங்கள் வேலை வாங்கித் தருவீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இந்த மலையை விட்டு வர இஷ்டமில்லை. அதை அவரிடம் சொல்லவும் தைரியமில்லை.

வணக்கத்துடன்
ஜோதி


பிள்ளைப்பாக்கம்
18-11-91

அன்புத் தம்பி ராஜாமணிக்கு அக்கா கிளியம்மாள். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்றும் வரக் கூடாது. வந்தே தீருவேன் என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு வரட்டும்.

பதில் தாமதம். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து மழை. ஐப்பசி முழுக்க அடித்துப் பெய்ய வேண்டியதை மூட்டை கட்டி வைத்திருந்து ஒரே வாரத்தில் கொட்டிவிட்டுப் போனது. வாய்க்கால் உடைந்து, தண்ணீர் ஏரிக்கு வராமல் ரோட்டுக்குப் போனது. தபால்காரர் ரத்தினம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு ஒரு கனவு வந்தது. ஜோதி எதுவும் எழுதவில்லை, வெறும் கனவுதான். கனவில் ஒரு ஆபீசர் வந்து, உன் மரத்துக்குத் தூக்கம் போதவில்லை என்றார். சந்தைப் பேரிக்காய் வைக்கோலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மாமரம் உன் கூரையை எட்டிப் பார்த்தது. மேல்காடு ஒன்றும் தெரிந்தது. ஒட்டுக் கட்ட மாட்டேன் என்று ஒருத்தன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் காதுக்குக் கீழே மரு இருந்தது.

இனி விளையாட்டு இல்லை, தம்பி.

வேலை விசாரித்தாயா என்று இரண்டு தரம் கேட்டாய். எனக்கு விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ரோட்டுக்குப் போகிற வழியில், வாய்க்கால் தாண்டி, தகர ஷெட்டு ஒன்று எழும்பியிருக்கிறது. இரும்புச் சாமான் வந்து இறங்குகிறது. அதற்கு ஒரு கேட்டு. கேட்டுப் பக்கத்தில் முக்காலி. அதில் காக்கிச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள். அது உன் மாமா சுப்பராயன். ஷெட்டு நிற்கிற இடம் நம் மேட்டு நிலம்.

அதனால்தான் கடலை போடவில்லை. நீ கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. என் வாய்க்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள். கடலை முளைக்கும்போது மழை இல்லை, பிடுங்கும்போது மழை. ஒரு வருஷம் வெயில் தின்றது, ஒரு வருஷம் சேறு தின்றது, அடுத்த வருஷம் விதைத்ததே முளைக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மிரட்டவில்லை. நாங்களே விற்றோம். ஆபீசர் படத்துக் கோடு நம் நிலத்தை எப்போது தாண்டியது என்று தெரியாது. பட்டா எங்கள் பெயரில் இருந்தபோதே நிலம் வேறு சீமைக்குக் குடிபோயிருக்கிறது.

முதல் நாள் வேலைக்குப் போன மாமா, செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாராம். களத்துக்குப் போகிற பழக்கம். சூப்பர்வைசர் பையன், "இன்னா பெருசு, கோயிலா இது? செருப்ப மாட்டிகினு வா" என்றானாம். சாப்பிடும்போது சொன்னார். நான் வழக்கம்போல ஓ என்று சிரித்தேன். பிறகு மாட்டுக்குத் தவிடு கலக்குவதுபோல் போய் வெகுநேரம் கலக்கிக்கொண்டே நின்றேன்.

வாட்ச்மேன் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அந்த வேலைதான் இன்று எங்கள் அடுப்பை எரிக்கிறது. ஆனால் அந்த முக்காலியில் இரண்டு பேருக்கு இடமில்லை. எங்களுக்குச் சூடு வந்தபோது ஏறி ஒதுங்க மேலே ஒன்றும் இல்லை. பிள்ளைப்பாக்கம் தட்டு மாதிரி இருக்கிற ஊர். உனக்கு மேலே இன்னும் மலை இருக்கிறது. இருக்கும்போது இறங்கி வராதே. ஏறு.

நீ வந்து நின்றால் சோறு போடுவேன். வேலைக்கு மட்டும் வாய் திறக்கமாட்டேன். அக்காவாவது தங்கையாவது என்று நினைத்துக்கொள்.

கிளியம்மாள்


பெருமாள்மலை
10-12-91

அன்புள்ள அக்காவுக்கு. உன் கடிதம் கிடைத்தது. மேட்டு நிலத்தைப் பற்றி எழுதியதை ஜோதிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவள் படித்தாள்.

உன் கனவுக்கு எங்கள் வீட்டு விலாசம் நன்றாகத் தெரிகிறது. ஜோதியைத் திட்டவில்லை. தான் மலையை விட்டு வர மாட்டேன் என்று அவளே வாய் திறந்து சொல்லிவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு.

ஆனாலும் அக்கா, நீ நினைப்பதுபோல் சுலபம் இல்லை. மேல்காடு செங்குத்து. முள் அடைத்துக் கிடக்கிறது. காட்டெருமை வரும். உதவிக்கு ஆள் இல்லை, எல்லாரும் டவுனில் லாட்ஜ் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒட்டுக் கட்டினாலும் பிடிக்குமோ பிடிக்காதோ. இந்த மரங்கள் மாமனார் வைத்தவை. அவர் கையால் எனக்குக் கொடுத்தார். என் காலத்தில் மலடாகிவிட்டன. வெட்டிவிடலாம் என்று கோடாரியைத் தீட்டி வைத்திருக்கிறேன். தினம் எடுக்கிறேன், தினம் வைக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அவரை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

ராஜாமணி


பிள்ளைப்பாக்கம்
26-12-91

தம்பி ராஜாமணிக்கு. எல்லாரும் சுகம், எல்லாரும் என்றால் மாடும் சேர்த்து.

கோடாரி தீட்டியது நல்லதாயிற்று. முள் வெட்ட உதவும்.

ஆள் இல்லை என்றாய். ஆள் அனுப்புகிறேன். பொங்கல் முடிந்த மறுநாள் உன் மாமா வண்டி ஏறுகிறார். முதலில் "எனக்கு இன்னா தெரியும் பேரிக்காய பத்தி? துன்னத்தான் தெரியும்" என்றார். "குழி தோண்டத் தெரியும்ல? முள்ளு வெட்டத் தெரியும்ல? மச்சான் தலையில ரெண்டு குட்டு வெக்கத் தெரியும்ல?" என்றேன். சரி என்றுவிட்டார். அவரிடம் கம்பளி கிடையாது. காக்கிச் சட்டைதான் இருப்பதில் தடிப்பு, அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார். பார்த்துவிட்டுப் போலீசு என்று ஓடாதே.

வேலை போய்விடுமே என்று கவலைப்படாதே. அவர் வருகிற வரைக்கும் கேட்டில் நான் உட்காருகிறேன். சூப்பர்வைசர் பையனிடம் பேசிவிட்டேன். "லேடீஸ் எல்லாம் செக்யூரிட்டி பாக்க முடியாது ஆயா" என்றான். "ஆயாவா? உங்க ஆயா வயசாடா எனக்கு? இந்த மண்ணு எங்க வூட்டுக்காரருக்குத் தெரியறத விட எனக்கு நல்லாத் தெரியும். எவன் எந்தப் பக்கம் பூருவான்னு தெரியும். கேட்ட எப்போ தொறக்கணும் எப்போ மூடணும், அத மட்டும் சொல்லு" என்றேன். முழித்துக்கொண்டே வேறொரு விசிலைக் கொடுத்தான். மாமாவின் விசிலைக் கழற்றாமல் அவரே எடுத்து வரட்டும் என்று விட்டிருக்கிறேன். உங்கள் எருமைக்கு ஆகும்.

மூன்றாம் வருஷம்தான் பூக்கும் என்றால் பூக்கட்டுமே. அதுவரை எனக்கு மேல் வரிசையில் நாலு பல்லாவது நிற்கும்.

கிளியம்மாள்


பெருமாள்மலை
22-2-92

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம். உண்மையாகவே எழுதுகிறேன்.

மாமா ஊர் வந்து சேர்ந்து நடந்ததைச் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பல்லெல்லாம் தந்தி அடித்தது. "இன்னா குளுருடா மச்சான், இதுவே பத்தலியா உன் மரத்துக்கு?" என்றார். மறுநாள் விடிந்ததும் மேல்காட்டுக்கு ஏறினோம். முன்னால் ஜோதி அரிவாளோடு, நடுவில் மாமா, பின்னால் ஒட்டுக் குச்சிக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு நான். வேலிக் கல் தாண்டுகிற இடத்தில் மாமா நின்றார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். அந்தப் பனியில், அந்த முள்ளில். நானும் கழற்றினேன்.

மூன்றாம் நாள் காட்டெருமை வந்தது. நாங்கள் மரத்தில் ஏறப் பார்த்தோம். மாமா நின்ற இடத்திலேயே விசிலை எடுத்து ஊதினார். ஊதிவிட்டு, "கேட்டு அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். அது அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஜோதி இன்னும் அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள்.

ஆபீசர் வந்து முதல் ஒட்டைக் கட்டிக் காட்டினார். பிறகு நானே கட்டினேன். காட்டுப் பேரியில் கட்டியதில் சில காய்ந்துவிட்டன. பல பிடித்திருக்கின்றன. நேற்று ஒரு குச்சியில் மொட்டு விரிந்து, இலை சுண்டெலிக் காது அளவுக்கு வந்திருக்கிறது. பழைய மரங்களை வெட்டவில்லை. அடுத்த வருஷத்துக்கும் குச்சி வேண்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுத எனக்கு இஷ்டமில்லை. கூரைப் பக்கம் உன் மாமரம் பூத்திருக்கிறது. ஜோதி வாசம் பிடிக்கிறாள். எனக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு மனசு, வெட்டிவிடு என்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

ராஜாமணி


பிள்ளைப்பாக்கம்
3-3-92

அன்புத் தம்பி ராஜாமணிக்கும் தங்கம் ஜோதிக்கும் அக்கா கிளியம்மாள். நாங்கள் சுகம். மாமாவுக்குக் குளிரில் பிடித்த சளி இன்னும் விடவில்லை, ஆனால் அதைப் பற்றி ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எருமை ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் வளர்கிறது. இப்போது யானை அளவுக்கு வந்துவிட்டது.

கேட்டு வேலை எனக்கு நன்றாகத்தான் வந்தது. லாரிக்காரர்கள் எல்லாம் 'கிளியக்கா கிளியக்கா' என்று பழகிவிட்டார்கள். மாமா வந்து முக்காலியைக் கேட்டபோது கொடுக்க மனசில்லை. ஏரிக்கரையில் மீதி இருக்கிற கழனியில் நெல்லை நம்பவில்லை, கேழ்வரகு தெளித்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் மாமா நேராக அங்கே வந்து களை எடுக்கிறார். காக்கிச் சட்டையைக் கழற்றி வரப்பில் வைக்கிறார். செருப்பையும்.

மாமரத்தைத் தொட்டாயோ, அரிவாளோடு வந்து நிற்பேன். அதன் மேல் உனக்கு என்ன கோபம்? சூட்டை அது கூட்டிக்கொண்டு வரவில்லை, சூடுதான் அதைக் கூட்டிக்கொண்டு வந்தது. என்னைப் போல வாயாடி மரம். வந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கீழே அது நிற்கட்டும். மேலே உன் பேரி ஏறட்டும். நீ இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கு, தொப்பை கரையும்.

பயமாக இருக்கிறது என்று எழுதினாய். எனக்கும்தான். ஆனால் வருகிற ஆடிக்கு எனக்குக் கூடை வந்தாக வேண்டும். சந்தைப் பக்கம் போகாதே. மாங்காய் பிடித்தால் மாங்காயை அனுப்பு. புளிப்பாக இருந்தால் ஊறுகாய் போட்டுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று காய்த்தாலும் அனுப்பு. மலை மாங்காய் என்று சொல்லி பஸ் முழுக்கக் காட்டிக்கொண்டு வருவேன்.

பெரணியை மட்டும் மேல்காட்டில் இருந்து நீயே பறி. வைக்கோல் ஒரு துரும்பு இருந்தாலும் அதே லாரியில் கூடை திரும்பி வரும்.

உன் அக்கா,
கிளியம்மாள்